எச்சிலைக்கூட விழுங்க முடியாத பிள்ளை: குரல்வளை மூடி அழற்சியும் அதன் வைத்தியமும் மாறி வந்த விதம்

இலங்கை மலையகத்தில், போகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. உங்களிடம் வரும் நான்கரை வயதுப் பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் தொடங்கியது. மாலைக்குள் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், படுக்க மறுத்து, முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்துகொண்டது. பிரதேச வைத்தியசாலையில் டொக்டர் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே மூக்கு வழியாகக் குழாய் போட்டு, இரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிள்ளை இப்போது சுகமாக வீடு திரும்பியிருக்கிறது. நோய் நிர்ணய அட்டையில் ‘எபிக்ளொட்டைட்டிஸ்’, அதாவது குரல்வளை மூடி அழற்சி, என்று எழுதியிருக்கிறது; பாட்டியோ அதைத் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) என்கிறார். தொண்டையைப் பார்க்காமல் அனுப்பியது சரியா, தடுப்பூசி எல்லாம் போட்ட பிள்ளைக்கு இது எப்படி வந்தது, முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கழுத்தில் துளையிடுவார்களாமே, இப்போது ஏன் அது இல்லை, மற்றப் பிள்ளைகளுக்கு ஏதும் செய்ய வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். மலையகத்து ஆஸ்பத்திரிகளில் சிறுவர் வார்டுகளில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த டொக்டரைப் பற்றி. அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. பிள்ளை உயிரோடு திரும்பியதில் அவருடைய பங்கு பெரியது என்றே நான் நினைக்கிறேன். பார்க்காமல் அனுப்பினார் என்று தோட்டத்தில் யாராவது குறை சொன்னால், தயவு செய்து இந்தக் காரணத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால், குரல்வளையின் வாயிலில், வெற்றிலை நுனியைப் போன்ற வடிவில் ஒரு மெல்லிய குருத்தெலும்பு நிற்கிறது. நாம் விழுங்கும்போது உணவு மூச்சுவழிக்குள் போய்விடாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதிலும் அதைச் சுற்றியுள்ள மடிப்புகளிலும் பற்றீரியா தொற்றி வீக்கம் உண்டாவதுதான் குரல்வளை மூடி அழற்சி. வெளியே தெரியும் தொண்டையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிறிது சிவந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆபத்து அதற்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் மூச்சுவழி எவ்வளவு ஒடுக்கமானது என்பதைப் பெரியவர்கள் மனதில் கொள்வதில்லை. 4 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வழியில் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீக்கம் ஏற்பட்டால், மிஞ்சும் அகலம் 2 மில்லிமீற்றர். காற்று போகும் பரப்பு காற்பங்காகக் குறைந்துவிடுகிறது, காற்றை உள்ளிழுக்கும்போது ஏற்படும் எதிர்ப்போ கணக்குப்படி 16 மடங்காக உயர்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அதே வீக்கம் தொண்டை வலியாக மட்டும் தெரியக்கூடும்.

இந்த நிலையில் நாக்கை அழுத்தி, ‘ஆ’ காட்டச் சொல்லி, டோர்ச் அடித்துப் பார்த்தால் பிள்ளை அழும், திமிறும், ஓங்கரிக்கும். அழுகையில் காற்றை வேகமாக உள்ளிழுக்கும்போது வீங்கிய மூடி வாயிலுக்குள் இழுபட்டுப் போகலாம். குரல்வளை தசைகள் இறுகிப் பூட்டிக்கொள்ளவும் கூடும். மல்லாக்கப் படுக்க வைத்தாலும் அதே ஆபத்துத்தான், ஏனென்றால் அந்த வீங்கிய சதை தன் பாரத்தாலேயே பின்னால் சரிகிறது. ஆகவே, மூச்சுவழியைத் திறந்து கொடுக்கக்கூடிய கைகளும் கருவிகளும் பக்கத்தில் தயாராக இல்லாத இடத்தில் தொண்டையைப் பார்ப்பதில்லை, ஊசி குத்துவதில்லை, இரத்தம் எடுப்பதில்லை, படுக்க வைப்பதில்லை என்பது இந்த நோயில் உறுதியான விதி. எக்ஸ்ரேக்குக்கூட அவசரப்பட்டு அனுப்புவதில்லை. கழுத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில் வீங்கிய மூடி கட்டைவிரல் போல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படத்துக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து எக்ஸ்ரே அறையில் தனியே விடுவது ஆபத்தானது.

நீங்கள் வர்ணித்த அந்த உட்காரும் விதமே பாதி நோய் நிர்ணயம். இந்தப் பிள்ளையைத் தாயின் மடியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உடலை முன்னே சாய்த்து, நாடியை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி இருக்கும். உதட்டோரத்தில் வழியும் எச்சிலைத் தாய் துவாயால் துடைத்துக்கொண்டே இருப்பார்; துவாய் நனைந்து போயிருக்கும். விளையாட்டோ முரண்டோ இல்லை. பிள்ளை யாரையும் பார்க்காது, பேசாது. பேசினாலும் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் அடங்கியிருக்கும். காய்ச்சல் கடுமையாக இருக்கும், ஆனால் இருமல் பெரும்பாலும் இருக்காது. இந்தக் கடைசிக் குறியை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் குளிர்ப் பகுதியில் அடிக்கடி காணும் குரூப் என்ற நோயிலும் மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். ஆனால் அது வைரஸால் வருவது, ஓரிரு நாள் தடிமனுக்குப் பிறகு இரவில் தொடங்குவது, நாய் குரைப்பது போன்ற இருமலோடு வருவது, பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைத் தாக்குவது. அந்தப் பிள்ளை இருமும், கரகரத்த குரலில் அழும், எச்சிலையும் விழுங்கும். அதற்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை ஒரு வேளை கொடுத்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும். இருமாமல், விழுங்காமல், சில மணி நேரத்துக்குள் மோசமாகிவிட்ட பிள்ளை வேறு வகை.

பாட்டி சொல்வதில் அனுபவம் இருக்கிறது, ஆனால் இது அந்த நோய் அல்ல. தொண்டைக்கரப்பானில் தொண்டையின் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படர்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுத்து வீங்கித் தடிக்கும். அந்தக் கிருமி கக்கும் நஞ்சு இருதயத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். இரண்டும் மூச்சை அடைப்பவை என்பதால் அந்தக் காலத்தவர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததில் வியப்பில்லை. இலங்கையில் தொண்டைக்கரப்பானையும் தடுக்கும் முக்கூட்டுத் தடுப்பூசி 1961 இல் வந்தது. 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியபின் அது தோட்டங்கள் வரை சீராக எட்டியது. இன்று தொண்டைக்கரப்பானை நேரில் கண்ட இளம் மருத்துவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு வந்த நோயின் கதை வேறு. ஒரு காலத்தில் உலகெங்கும் சிறுவர்களிடம் காணப்பட்ட குரல்வளை மூடி அழற்சியில் 90 வீதத்துக்கும் மேற்பட்டதற்கு ஒரே ஒரு கிருமியே காரணமாக இருந்தது: ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா, அதிலும் பி வகை. சுருக்கமாக ஹிப் என்பார்கள். 1892 இல் ரிச்சர்ட் ஃபைஃபர் இதைக் கண்டபோது இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலுக்கே இதுதான் காரணம் என்று எண்ணினார். அது தவறு என்று பின்னர் தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. 1931 இல் மார்கரெட் பிட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்தக் கிருமிகளில் சிலவற்றுக்கு வெளியே ஒரு சர்க்கரைப் போர்வை இருப்பதையும், அதன்படி வகை பிரிக்கலாம் என்பதையும், கடுமையான நோய்க்குப் பெரும்பாலும் பி வகையே காரணம் என்பதையும் காட்டினார். மூடி அழற்சி தாக்கிய வயதும் தடுப்பூசிக்கு முந்திய அந்தக் காலத்தில் திட்டமாக இருந்தது: இரண்டு முதல் ஐந்து வயது வரை. அதே கிருமி அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கியது. நம்முடைய ஆசிய நாடுகளில் ஹிப் என்றதும் அந்த மூளையுறை அழற்சியும் நிமோனியாவுமே முன்னால் வந்து நின்றன; மூடி அழற்சி மேலை நாடுகளின் பாடநூல்களில் பெற்றிருந்த இடத்தை இங்கே பெறவில்லை. அதனாலேயே நம்மவர்களின் கண்ணுக்கு அது இன்னும் பழக்கமில்லாதது.

அந்தச் சர்க்கரைப் போர்வையைக் கொண்டே தடுப்பூசி செய்தார்கள். 1985 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, மிகவும் தேவைப்பட்ட கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை, ஏனென்றால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் வெறும் சர்க்கரைப் பொருளை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. அதை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் அடையாளம் காணும் என்று கண்டுபிடித்து, 1987 இலிருந்து அந்த இணைப்புத் தடுப்பூசி வந்தது. 1990 முதல் கைக்குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்த போர்ட்டர் ஆண்டர்சன், டேவிட் ஸ்மித், ஜோன் ரொபின்ஸ், ரேச்சல் ஷ்னேர்சன் ஆகிய நால்வருக்கும் 1996 இல் லாஸ்கர் விருது கிடைத்தது. தடுப்பூசிக்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 20,000 பிள்ளைகளுக்குக் கடுமையான ஹிப் நோய் வந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது 99 வீதம் குறைந்தது. சிறுவர் மருத்துவத்தில் இவ்வளவு வேகமான மாற்றத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஊசி போட்ட பிள்ளையின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி தங்குவதும் குறைந்ததால், ஊசி போடாத பிள்ளைகளும் ஓரளவு காப்பாற்றப்பட்டார்கள்.

இலங்கையில் 2008 ஜனவரியில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியோடு ஹிப் சேர்ந்தது. தடுப்பூசிக்குப் பிறகு சில குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் அதே ஆண்டில் அதை நிறுத்தி ஆராய்ந்து, 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். இன்று அது 2, 4, 6 மாதங்களில் கொடுக்கப்படுகிறது. உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் அந்த மூன்று திகதிகளையும் நீங்கள் காணலாம். தாய் கொழுந்து எடுக்கப் போகும் நாளில் கிளினிக் வந்தால் ஒரு தவணை தவறிப்போவது தோட்டத்தில் நடக்கக்கூடியதுதான். தவறினால் கைவிட்டுவிடாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லா ஊசியும் போட்ட உங்கள் பிள்ளைக்கு எப்படி வந்தது? ஹிப் தடுப்பூசி ஹிப்பை மட்டுமே தடுக்கும். அது ஒதுங்கிய பின் குரல்வளை மூடி அழற்சி மிகவும் அரிதாகிவிட்டது. வருகிற சிலவற்றுக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஸ்டஃபிலோகொக்கஸ், நியூமோகொக்கஸ், போர்வையில்லாத ஹீமோஃபிலஸ் போன்ற மற்றக் கிருமிகள் காரணமாகின்றன. நோயாளியின் வயதும் கூடியிருக்கிறது. பல நாடுகளில் இன்று இது சிறுவர்களைவிடப் பெரியவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஆகவே உங்கள் பிள்ளையின் ஊசி பழுது என்று நினைக்க வேண்டாம். மிகச் சிலருக்கு ஊசி போட்டும் ஹிப்பே வரலாம் என்பதையும் மறைக்கக்கூடாது. பிரித்தானியாவில் 1992 இல் ஊசி தொடங்கி நோய் ஏறக்குறைய மறைந்த பிறகு, 1990களின் இறுதியிலிருந்து அது மெல்லத் தலைதூக்கியது. 2003 இல் எல்லாச் சிறு பிள்ளைகளுக்கும் மேலதிகத் தவணை ஒன்று கொடுத்தார்கள்; 2006 இல் ஒரு வயதில் ஊக்கத் தவணையை வழமையான அட்டவணையில் சேர்த்தார்கள். உங்கள் பிள்ளையின் இரத்தப் பரிசோதனையில் எந்தக் கிருமி வளர்ந்தது என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

கிருமியே இல்லாமலும் இதே வீக்கம் வரக்கூடும், அது நம் மலைநாட்டுக்கு நெருக்கமானது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தவழும் குழந்தை எடுத்து வாய்க்குள் ஊற்றிக்கொண்டால் குரல்வளை மூடி வெந்து வீங்கும். உதட்டில் சிறிய கொப்புளம் மட்டுமே தெரிய, சில மணி நேரம் கழித்து மூச்சு அடைக்கலாம். காய்ச்சல் இல்லாமல் எச்சில் வடிக்கும் குழந்தையைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். லயக்காம்பராவில் அடுப்பும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும்போது இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. ஆனால் கேத்தலும் கோப்பையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

இனி வைத்தியம். மூச்சு அடைபட்டவருக்குக் கழுத்தில் துளையிட்டு வழி திறக்கலாம் என்பது மிகப் பழைய அறிவு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 ஆம் திகதி இறந்தது இந்த நோயால்தான் என்று மருத்துவர் பலர் கருதுகிறார்கள். அவருக்கு உடம்பிலிருந்து இரத்தத்தை மீண்டும் மீண்டும் வடித்தார்கள். எலிஷா டிக் என்ற இளம் மருத்துவர் கழுத்தில் துளையிடலாம் என்று சொன்னதை மூத்தவர்கள் ஏற்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டில் அந்தச் சத்திரசிகிச்சையே பிள்ளைகளைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. அது உயிரைக் காத்தது; ஆனால் சின்னக் கழுத்தில் வெட்டுவது இரத்தக்கசிவு, குழாய் அடைப்பு, பின்னர் மூச்சுவழி சுருங்குதல் என்று பல தொல்லைகளைக் கொண்டு வந்தது, ஆஸ்பத்திரியில் தங்கும் காலமும் நீண்டது.

1970களில் இது மாறியது. வீக்கம் ஓரிரு நாளில் வற்றிவிடும் நோய்க்குக் கழுத்தை வெட்ட வேண்டியதில்லை, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைக் குரல்வளையைத் தாண்டிச் செலுத்தினால் போதும் என்று பல ஆஸ்பத்திரிகளின் அனுபவம் காட்டியது. உங்கள் பிள்ளைக்கு நடந்ததும் அதுதான். சத்திரசிகிச்சைக் கூடத்தில், பிள்ளை உட்கார்ந்தபடியே, முகமூடி வழியாக மயக்க வாயுவைச் சுவாசிக்க வைப்பார்கள். முன்பு ஹலோதேன், இப்போது செவோஃபுளுரேன். தானாக மூச்சு விட்டுக்கொண்டே பிள்ளை தூங்கிய பின்னர்தான் கையில் ஊசி ஏற்றுவார்கள், வாயைத் திறந்து பார்ப்பார்கள். செர்ரிப் பழம் போல் சிவந்து உருண்டிருக்கும் மூடிக்குப் பின்னால் வழி எங்கே என்று தெரியாமல், மூச்சோடு வரும் ஒரு சிறு குமிழியைப் பார்த்துக் குழாயை நுழைக்க வேண்டிய சமயமும் உண்டு. வழக்கமான அளவைவிடச் சற்றுச் சிறிய குழாயையே எடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர் கையுறை அணிந்து, கத்தியோடு பக்கத்தில் நிற்பார். ஆகவே கழுத்தில் துளையிடும் முறை கைவிடப்படவில்லை. குழாய் போகாவிட்டால் என்ற நிலைக்கு அது காத்திருக்கிறது. குழாய் போட்டபின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 1 முதல் 3 நாட்களுக்குள் வீக்கம் வற்றி, குழாயைச் சுற்றிக் காற்றுக் கசியத் தொடங்கும், அப்போது எடுத்துவிடுவார்கள். மூச்சுவழியை இப்படி நேரத்தோடு காத்துவிட்டால் இறப்பு 1 வீதத்துக்கும் குறைவு.

மருந்திலும் மாற்றம் வந்தது. முன்பு அம்பிசிலினும் குளோரம்பெனிக்கோலும் கொடுத்தார்கள். 1974 வாக்கில் அம்பிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும் ஹிப் கிருமிகள் தென்பட்டன. குளோரம்பெனிக்கோலோ அரிதாக எலும்பு மச்சையைக் கெடுக்கும். அவற்றின் இடத்தை செஃபொட்டக்ஸிம், செஃப்ட்ரியக்ஸோன் என்ற மருந்துகள் பிடித்தன. ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற சந்தேகம் இருந்தால் அதற்கேற்ற வேறொன்றையும் சேர்ப்பார்கள். மொத்தம் 7 முதல் 10 நாள். ஸ்டீரொயிட் மருந்து குரூப்பில் பலன் தருவது போல இதில் உறுதியான பலன் தருவதாகக் காட்டப்படவில்லை. சிலர் கொடுப்பார்கள், நான் அதை மூச்சுவழிக்குப் பதிலாக ஒருபோதும் எண்ணமாட்டேன்.

ஹிப் ஒதுங்கிய பிறகு, எச்சில் வடிக்கும் பிள்ளையிடம் மற்ற நோய்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் சீழ் கட்டுவது அவற்றில் முக்கியமானது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கழுத்தை ஒருபக்கம் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்க மறுக்கும். ஸ்கேன் எடுத்து, சீழ் சிறிதாக இருந்தால் மருந்தாலேயே கரைக்கலாம். பெரிதானால் வாய் வழியாக வடிப்பார்கள். பத்து வயதைக் கடந்தவர்களிடம் டொன்சிலின் பக்கத்தில் சீழ் கட்டுவது வழக்கம்.

வீட்டிலும் முன்பள்ளியிலும் செய்யக் கூடாததை நான் மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை விழுங்க மறுத்தால் உள்நாக்கு விழுந்துவிட்டது என்று சொல்லி, விரலில் உப்பும் மிளகுத்தூளும் தொட்டு வாய்க்குள் விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் குரல்வளை மூடி வீங்கிய பிள்ளைக்கு அந்த விரல் ஒரு கணத்தில் மூச்சை நிறுத்திவிடக்கூடும். கொத்தமல்லித் தண்ணி, கஞ்சி, பாணி மருந்து எதையும் வற்புறுத்திப் பருக்க வேண்டாம். எச்சிலையே விழுங்க முடியாத பிள்ளை அதை எப்படி விழுங்கும்? தாயின் மடியில், அது விரும்பியபடியே உட்காரட்டும். அழ வைக்காமல், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டப் பாதையில் வண்டி வர நேரமாகும் என்றால், கிடைக்கும் முச்சக்கர வண்டியில் தாயோடு உட்கார்ந்தபடியே, மிக அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ நேரே ஓட வேண்டாம். அருகிலுள்ள இடத்தில் ஒட்சிசனும், மூச்சு நின்றால் பையும் முகமூடியும் கொண்டு காற்றுக் கொடுக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். அங்கிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ, நுவரெலியாவுக்கோ, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவது என்பதை, மயக்க மருந்து நிபுணர் எங்கே தயாராக நிற்கிறார் என்று தொலைபேசியில் உறுதி செய்தபின் டொக்டர் தீர்மானிப்பார். வழியில் பனிமூட்டமும் வளைவுகளும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். மூச்சு நின்றால் உதவக்கூடிய ஒருவர் வண்டியில் கூடவே போவார். போய்ச் சேரும் முன்பே அங்கே கூடம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் டொக்டரும் முதலில் தொலைபேசியை எடுத்திருப்பார்.

கடைசியாக, மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிருமி ஹிப் என்று உறுதியானால், ஒரே வீட்டில் ஊசி முழுமையாகப் போடாத சிறு பிள்ளை இருக்கும்போது வீட்டார் அனைவருக்கும் ரிஃபம்பிசின் என்ற மருந்தை 4 நாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டுமா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொல்லும். வேறு கிருமி என்றால் பொதுவாக அது தேவைப்படாது. பிள்ளையை முன்பள்ளிக்குச் சேர்த்துக்கொள்ளத் தயங்காதீர்கள்: மருந்து முடிந்து, பசியெடுத்துச் சாப்பிட்டு, ஓடி விளையாடத் தொடங்கினால் அது மற்றவர்களுக்கு ஆபத்தானதல்ல. குரல் சில நாட்கள் கரகரப்பாக இருக்கலாம், அது குழாய் உரசியதால். இரண்டு வாரம் கடந்தும் கரகரப்பு நீங்காவிட்டால், அல்லது ஓடும்போது மூச்சில் சத்தம் கேட்டால் மட்டும் அதே ஆஸ்பத்திரியின் தொண்டைக் கிளினிக்குக்கு அட்டையோடு அனுப்பிவையுங்கள்.